வண்டிக்கு உறை போடும் நாள்

உறை வந்த பெட்டியில் ஒரு படம்.
சிரித்துக்கொண்டே ஒருத்தி,
தன்னந்தனியாக,
முப்பத்தோரடி மோட்டார்ஹோமுக்கு மேல்
துணியை விசிறிக்கொண்டிருந்தாள்.
காற்று என்று ஒன்று இருப்பதை
அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்குச் சொல்லியிருக்கிறது சஸ்காட்செவன்.
இரண்டு வருஷத்துக்கு முன்
நானே ஏறிப் போட்டேன்.
ஒரு முனையைக் கட்டி இறங்குவதற்குள்
மறுமுனை எழுந்து, கட்டியதையும் பிய்த்துக்கொண்டு,
கனோலா அறுத்த தாளின் மேல்
பாதி வயல் தாண்டிப் போய்ப் படுத்துக்கொண்டது.
அன்றிரவு மைரானைக் கூப்பிட்டேன்.
விவாகரத்துக்குப் பின் முதல் தடவை.
"ஏணி என்னுடையதைக் கொண்டு வரேன்,
உன்னுது ஆடும்" என்றான்.
வேறொன்றும் பேசவில்லை.

பங்கு பிரித்தபோது வீடு எனக்கு,
படகு அவனுக்கு.
வண்டியை மட்டும் வெட்ட முடியவில்லை.
ஜூலை அவன் ஓட்டுவான், ஆகஸ்ட் நான்.
மிச்ச மாதமெல்லாம்
என் கொட்டகைக்குப் பின்னால் நிற்கும்,
யாருடையதும் இல்லாமல்.

இந்த அக்டோபரும் வந்தான்.
புதுக் கண்ணாடி. புது இருமல்.
கண்ணாடி நன்றாக இருக்கிறது என்றேன்.

தொட்டித் தண்ணீரை வடித்தோம்.
குழாயில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும்வரை
ஆன்டிஃப்ரீஸ் ஓட்டினோம்.
எலி நுழையும் சந்துகளில் இரும்பு நாரைத் திணித்தேன்.
கூரையின் கூர் மூலைகளுக்கு
பழைய டென்னிஸ் பந்துகளைக் கீறி மாட்டினான்.
மழைத்தகட்டின் விளிம்புக்கு
நீச்சல்குளத்து நுரைக்குழாய், பச்சை நிறம்,
லாரிஸா மிதக்கப் பழகியது.
இப்போது அவள் கால்கரியில் பல் வைத்தியர்.
அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை,
நினைவு வந்தது, அவ்வளவுதான்.

ஒரு வருஷம் நீலத் தார்ப்பாய் போட்டோம்,
சேர்ந்து இருந்த காலத்தில், காசு மிச்சம் என்று.
மே மாதம் பிரித்தால்
மெத்தை முழுக்கக் கறுப்புப் பூஞ்சை.
வெளி மழையைத் தடுத்தது, சரி.
உள்ளே இருந்த ஈரத்தையும்
வெளியே விடவில்லை.
அந்தக் கோடையில்தான் அவன் கிளம்பிப் போனான்.
இரண்டையும் முடிச்சுப் போடாதே
என்கிறாள் என் தங்கை.
சரி, போடவில்லை.
இப்போது வாங்கியிருப்பது மூச்சு விடும் துணி.
கூரை ஜன்னலையும் ஒரு விரல் திறந்து வைக்கிறோம்.

அவன் மேலே, நான் கீழே.
"இழு" என்றான், இழுத்தேன்.
"விடு" என்றான், விட்டேன்.
எல்லாம் முடிந்து பார்த்தால்
முன்பக்கம் என்று தைத்த பட்டை
பின்னால் தொங்குகிறது.
யார் தப்பு என்று கால் மணி நேரம்.
பிறகு திருப்பிப் போட்டோம்.

இனி அடிவயிற்றுப் பட்டைகள்.
பட்டை நுனியில் தண்ணீர் பாட்டிலைக் கட்டி
வண்டிக்கடியில் உருட்டிவிட வேண்டும்.
எறிந்தேன். பாதியில் நின்றுவிட்டது.
இரண்டாவதும் அப்படியே.
தரையில் குப்புறப் படுத்தேன்.
அந்தப் பக்கம் அவனும் படுத்திருந்தான்,
கன்னம் சரளைக்கல்லில்,
கண்ணாடி கோணலாக.
நடுவில் அச்சு, எண்ணெய்க் கறை,
ஒரு காய்ந்த தட்டான்.
இவ்வளவு நேரே அவன் முகத்தைப் பார்த்து
ஏழு வருஷம் இருக்கும்.

"வியாழக்கிழமை ஸ்கேன்," என்றான்.
பாட்டிலிடம் சொல்வதுபோல.

என்ன சொல்வது என்று தெரியவில்லை.
"கையை நீட்டு, தள்ளிவிடறேன்" என்றேன்.
துடைப்பக் கட்டையால் தள்ளினேன்.
நீட்டினான். எட்டியது.
இழுத்து இறுக்கினோம்,
அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
துணி படபடத்தால் பெயின்ட் தேயும் என்பதால்
வழக்கத்தைவிட ஒரு பிடி கூடுதலாக.

காபி வேண்டாம் என்றான்.
இருட்டுவதற்குள் மெல்வில் போய்ச் சேர வேண்டுமாம்.

ராத்திரி காற்று எழுந்தது.
ஏதோ ஒன்று விட்டுவிட்டுத் தட்டியது.
பட்டைதான் அவிழ்ந்திருக்கும் என்று
டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன்.
பட்டைகள் எல்லாம் வைத்தது வைத்தபடி.
சாம்பல் நிறத் துணி
உப்பி உப்பித் தணிந்துகொண்டிருந்தது.

தட்டியது ஏணி.
கொட்டகைச் சுவரில் சாய்த்து,
என் உயரத்துக்கு எட்டும்படி
ஒரு கொக்கியில் மாட்டியிருந்தான்.
கொக்கி புதியது.
ஆணியின் தலை இன்னும் பளபளத்தது.