தொண்ணூறு வினாடி

செவ்வாய்ப்பேட்டைப் பழைய இரும்புக் கடையில்
டர்போவை எடை போட்டுத்தான் தந்தார்கள்.
எந்த டீசல் வண்டியில் சுற்றித் தீர்ந்ததோ.
விரலால் தட்டினால்
உள்ளே சின்னச் சக்கரம் ஓசையில்லாமல் ஓடி
யோசித்து நின்றது.
"ஆட்டமே இல்லை" என்றான் சென்றாயன்,
பெண் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி.

வண்டி தொண்ணூற்றேழாம் வருட மாருதி.
மூன்று சிலிண்டர்.
எண்ணூறு என்று பேர், நாலு சிசி குறைவு.
ஏற்காட்டு வளைவுகளில்
ஆள் கூடினால் ஒருவர் இறங்கி நடக்க வேண்டும்.

போன ஆடியில் இறங்கியது நான்.
பதினொன்றாம் வளைவு.
அவன் அக்காவும் மச்சானும் மாமியாரும்
கண்ணாடி ஏற்றிவிட்டு மேலே போக,
கைப்பிடிச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து
என்னைப் பார்த்தன.
அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை.
இதோ, டர்போ வாங்கி வந்திருக்கிறான்.

"வெளியே போகிற புகை இந்தச் சக்கரத்தைச் சுற்றும்.
அந்தச் சக்கரம் புதுக் காற்றை உள்ளே தள்ளும்.
போகிறதை வைத்து வருகிறதைக் கூட்டுவது."
சம்பளத்தில் இதைச் செய்து காட்டேன் என்றேன்.

காம்பவுண்டு குழாயடிக்குப் பக்கத்தில்
பதினாலு ஞாயிற்றுக்கிழமை.
நான் பனங்காட்டுப் பட்டறையில் கொலுசு ஊதுகிறவள்.
ஆயில் குழாய் மூட்டுக்குப்
பொடி வைத்து ஊதியது நான்.
ஹெட்டுக்குக் கீழே போட
தடித்த செம்புத் தகடு வெட்டி வந்தான், விறைப்பாக.
சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டேன்.
பதறினான்: "கெட்டியாயிடும்!"
இரும்புதான் அப்படி.
செம்பு, சூட்டோடு தண்ணீரில் விழுந்தால் இளகும்.
எடுத்து வளைத்துப் பார்த்தவன்
என் முகத்தையும் ஒருதரம் பார்த்தான்.

கார்புரேட்டரை மூட
காற்றுப் புகாத பெட்டி ஒன்று வேண்டும்.
என் அஞ்சு லிட்டர் குக்கரைத் தூக்கினான்.
"பதினைந்து பவுண்டு தாங்குற சாமான்,
நமக்கு அஞ்சு போதும்."
ஒரு மாதம் சட்டியில் வடித்தேன்.

அழுத்தம் பார்க்க மீட்டர் இல்லை.
எதிர் போர்ஷன் ரெஜினா நர்ஸ்
பழைய பி.பி. கருவியின் டயலைக் கொடுத்தார்,
இனி புகை விடக் கூடாது என்ற நிபந்தனையோடு.

ஒரு புதன் இரவு, அடிவாரம்.
பின்சீட்டில் அவன் மில்லின் ஜவ்வரிசி மூட்டை மூன்று.
ஒன்று அக்கா, ஒன்று மச்சான்.
மூன்றாவதுக்குப் பேர் வைக்கவில்லை.

நாலாம் வளைவில் ஒரு மெல்லிய சீட்டி கிளம்பியது.
இருக்கை முதுகில் யாரோ
உள்ளங்கை வைத்துத் தள்ளுவது போல.
டயலில் முள் இருநூற்றைம்பது.
"மனுசனா இருந்தா போயிருப்பான்" என்றேன்.
சிரித்துக்கொண்டே மூன்றாவது கியர் போட்டான்.
இந்த மலையில் அந்த கியரை
இறங்கும்போது மட்டுமே பார்த்திருக்கிறேன்.

ஒன்பதில் எனக்குத்தான் முதலில் கேட்டது.
தகரத்தில் உளுந்து கொட்டுகிற சத்தம்.
"காலை எடு."
"ஒண்ணுமில்ல."
"காலை எடுடா."
ஓரம் கட்டி, டார்ச்சைக் கடித்துக்கொண்டு
டிஸ்ட்ரிபியூட்டரை அரை நூல் பின்னால் திருப்பினான்.
உளுந்து நின்றது.

பதினொன்று.
விளக்கு வெளிச்சம் சுவர்மேல் ஏறி இறங்கியது.
குரங்குகள் இல்லை.
வேகம் குறையவே இல்லை,
அவன் குறைக்க நினைத்தான் என்பது மட்டும் தெரிந்தது.

மேலே, ஏரிக்கரையில் பனி.
சாவிக்குப் போன கையைப் பிடித்தேன்.
அவன் சொல்லிக் கொடுத்ததுதான்:
உடனே அணைத்தால் சக்கரத்தின் அச்சில்
ஆயில் கருகிக் கரியாகும்.
தொண்ணூறு வினாடி சும்மா ஓட வேண்டும்.

வழக்கமாக நிறுத்தியதும்
இரண்டு கதவும் இரண்டு பக்கம் சாத்தும்.
இப்போது உட்கார்ந்திருந்தோம்.
பானெட்டுக்கு மேல் பனி உருகி உருகி நகர்ந்தது.
நான் மனதுக்குள் எண்ணினேன்.
முப்பத்தெட்டில் அவன்
"அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்து
கண்ணாடியைத் துடைத்தான்.
உள்பக்கம் துடைக்க ஒன்றுமே இல்லை.

அறுபது வரை நினைவிருக்கிறது.
பிறகு எண்ணிக்கை எங்கோ தவறிவிட்டது,
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
"குக்கர் எப்ப வாங்குற?" என்றேன்.