ஒரு வில்லை வானம்

இரண்டாயிரம் துண்டுகளில் ஒன்றைக் காணோம்.
ஏரிக்கு மேலே, வலப்பக்கம், வெறும் வானம்.
சோபாவைக் கவிழ்த்தோம். தூசிப்பையைக் கொட்டினோம்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம்.
நாயின் வாயைக்கூடத் திறந்து பார்த்தான் இல்போ.

வியாழக்கிழமை நூலக வண்டி வரும்.
புதிர்ப்பெட்டியை அஸ்லாக்கிடம் திருப்பித் தர வேண்டும்.
உத்ஸ்யோகியில் நவம்பர் முடிந்தால்
ஜனவரி பாதிவரை சூரியன் தலைகாட்டாது.
ஒரு நிறத்தை இன்னொன்றோடு வைத்துப் பார்க்க
வெளிச்சமே இல்லாத மாதத்தில்
என் கணவன் சொன்னான்:
"வானம்தானே, அச்சடித்துவிடலாம்."

ஓட்டையைச் சுற்றியிருந்த எட்டுத் துண்டுகளையும்
ஸ்கேனர் கண்ணாடியில் குப்புறக் கவிழ்த்தான்.
அடியில் ஒரு வெள்ளை விளக்கு ஊர்ந்து போனது.
ஸ்கேனர் பார்த்த நீலத்தில் துளி பச்சை.
திரையிலோ அது உள்ளிருந்து எரிந்தது.
பிரிண்டர் துப்பியது
கத்திரிப்பூ.

பிறகு வீட்டில் யாரும் வேறெதுவும் பேசவில்லை.
திரையின் நெற்றியில் அளவுமானி ஒன்று
சிலந்திபோல் இரண்டு இரவு தொங்கியது.
திரைக்கு ஒரு புரொஃபைல், மைக்கு ஒன்று,
தாளை மாற்றியதால் தாளுக்கும் ஒன்று.
மூன்று பேரும் ஒரே பொய்யைச் சொல்லவைக்க
இத்தனை பாடு.
நீல மை தீர்ந்தது. ஈவாலோவிலிருந்து வரவேண்டும்,
நூற்று அறுபது கிலோமீட்டர்,
கட்டைவிரல் அகல வானத்துக்கு.

சமையலறை பல்பின் கீழே பொருந்தியது
குளியலறை டியூப்லைட்டில் காட்டிக்கொடுத்தது.
நண்பகலில் அரைமணி நேரம்
அடிவானம் மெல்ல நீலம் கசியும்.
அப்போது பதினேழு மாதிரிகளையும் வாசலில்
பனிமேல் பரப்பினோம்.
பதினேழும் சரியாக இருந்தன.
என் கையும் அதே நீலம். நாயும்.

செவ்வாய் இரவு
ஸ்கேன் செய்ததைப் பெரிதாக்கிக்கொண்டே போனவன்
சட்டென்று நிறுத்தினான்.
"இங்கே வா."
ஏழு துண்டுகளில் பொடிப்பொடியாய் அச்சுப் புள்ளிகள்.
எட்டாவதில் புள்ளியே இல்லை.
பென்சில் கோடுகள்.
நுனி மழுங்க மழுங்கச் சீவி, ஒரே திசையில்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு தீட்டிய கோடுகள்.

மூன்று வாரம் அதையும் வானம் என்றே
நம்பிக் கோத்திருக்கிறோம்.
இல்போ எடுத்த சராசரியில்
அந்தக் கள்ள நீலத்துக்கும் எட்டில் ஒரு பங்கு.
கழித்துவிட்டு மறுபடி செய்யலாமா என்றேன்.
பதில் சொல்லாமல் எழுந்துபோய்க் காபி போட்டான்.

அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்தது நான்தான்.
பின்பக்க அட்டையில், எறும்பு எழுத்தில்,
யாரோ:
மன்னிக்கவும்.

பதினோராம் மாதிரியை எடுத்துக்கொண்டோம்.
ஓட்ஸ் பெட்டி அட்டையில் ஒட்டி,
முனைகளை நகவெட்டியால் நறுக்கி,
உப்புத்தாளில் தேய்த்து அழுத்தினால்
அது உட்கார்ந்தது. கொஞ்சம் மினுக்கத்தோடு.
பெட்டியில் போடுமுன் இல்போ அதைத் திருப்பி
எழுதினான்:
நானும்.

வியாழன். வண்டியின் படிக்கட்டில் பனி.
அஸ்லாக் பெட்டியைக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.
"முழுசா இருக்கா?"

"இருக்கு" என்றோம்,
ஒரே நேரத்தில்,
கொஞ்சம் வேறுவேறு குரலில்.