கோட்டின் எந்தப் பக்கம்

முதல் வாரம் எதையும் செய்ய விடவில்லை.
அறுத்தோம், அவ்வளவுதான்.
பைன் கட்டையில் விரற்கடைக்கு ஒரு கோடு,
கோட்டுக்கு ஒரு வெட்டு.
விழுந்த துண்டுகளை
மாலையில் யாரோ அடுப்புக்கு அள்ளிப் போனார்கள்.

பயிற்சியாளர் கைடிக்கு இருபத்தைந்து வயது.
எனக்கு நாற்பத்தொன்று.
என் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"ஹெல்வி, கோட்டைக் காணோமே" என்றாள்.
கோட்டின் மேலேயேதான் அறுத்தேன், அதற்கென்ன?
"வாளுக்கும் ஒரு தடிமன் உண்டு.
அது தின்னத்தான் தின்னும்.
யார் பங்கிலிருந்து என்பதை மட்டும்
நீங்கள் முடிவு செய்யலாம்."

அன்றிலிருந்து பென்சிலை எடுத்தால்
முதலில் கழிவுப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

பாலாடைக்கட்டி ஆலையில் பதினாறு வருடம்
பொட்டலம் கட்டினேன்.
மூடுவதற்கு முன் ஒரு பட்டியல் ஒட்டினார்கள்.
அதிலும் பெயர்களுக்கு எதிரே பென்சில் குறி.
அதைச் சொல்ல வரவில்லை.
அதுவாக வந்து நிற்கிறது,
மரத்தூளோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளுகிறேன்.

ராய்மொவுக்குப் பதினேழு.
பின்னத்துக்குப் பயந்து பள்ளியைவிட்டு வந்தவன்.
இங்கே முதல் பாடமே
மூன்றில் ஒரு பங்கு கழுந்து, மீதி இரண்டும் தோள்.
"துரத்திக்கிட்டே வருது" என்கிறான்.
ஒலெக்சி கார்கிவில் கணக்காளராக இருந்தவர்.
அவர் தோண்டும் துளைகள் எல்லாம் ஒரே ஆழம்,
உளி தீட்ட மட்டும் வராது.
நான் அவருக்குத் தீட்டிக் கொடுப்பேன்,
அவர் எனக்கு அளந்து கொடுப்பார்.
கைடி பார்த்தும் பாராதவள் போலிருப்பாள்,
தேர்வு நாள் வரைக்கும்.

கூர் ஏறியதா என்று சிரைத்துச் சிரைத்துப் பார்த்ததில்
என் இடது முன்கையில் முடியே இல்லை.
"அம்மா, இது என்ன வியாதி?" என்கிறாள் மகள்.

எங்கள் புத்தகத்தில் ஓர் இணைப்பின் பெயர் மீன்வால்.
ஜெர்மன்காரன் கையேட்டில் அதுவே தகைவிலான் வால்.
நீந்துமோ பறக்குமோ,
இழுத்தால் வரக்கூடாது.
அதெல்லாம் அடுத்த நிலைக்காரர்களுக்கு.
முதல் நிலையில் எங்களுக்கு வால் கிடையாது.

தேர்வுக்கு ஒரு சட்டகம்.
நான்கு மூட்டு, ஆறு மணி நேரம், ஆணி கூடாது.
ஜன்னலுக்கு வெளியே தமுலா ஏரி உறைந்து கிடந்தது.
யாரோ பனிக்கட்டியில் துளை போட்டு
மீனுக்குக் காத்திருந்தார்.
ஓரம் சிதறாத வட்டத் துளை.
பொறாமையாக இருந்தது.

மூன்றாவது கழுந்து இறுக்கம்.
ஒரு சீவல், ஒரே ஒரு சீவல் எடுத்திருக்கலாம்.
கொட்டாப்புளியை எடுத்தேன்.

மரம் பிளக்கும் சத்தம் பெரிதல்ல,
விரலைச் சொடுக்கியது போல.
பன்னிரண்டு தலைகளும் திரும்பின.
எல்லோர் மேசையிலும் ஒருநாள் கேட்ட சத்தம்.

பசை பூசி, இறுக்கி, காய வைத்தேன்.
கைடி மூலைக்கு மூலை அளந்தாள்:
அறுநூற்று இருபத்தொன்று,
அறுநூற்றுப் பதினேழு.
ஒரு மில்லிமீட்டர் வரை பொறுப்பார்களாம்.
மார்ச்சில் மறுதேர்வு.
ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை,
எண்களை எழுதித் தாளை நீட்டினாள்.
கையெழுத்துப் போட்டேன்.
எண்கள் சரியாகத்தான் இருந்தன.

பேருந்தில் மடியில் வைத்திருந்தேன்.
சட்டகத்துக்குள் என் இரண்டு முழங்கால்கள்,
எவரோ வரைந்து பாதியில் விட்ட படம் மாதிரி.

எங்கள் அடுக்ககத்துக் குளியலறையில்
குழாய்களுக்காக விட்ட ஓட்டை ஒன்று,
நான் குடிவந்த நாள் முதல் மூடியில்லாமல்.
சும்மா வைத்துப் பார்த்தேன்.
உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது,
நான்கு மூலையும்.

எந்தக் குளிர்காலத்தில், எந்த அவசரத்தில்
அந்தச் சுவரை எழுப்பினாரோ
அவரும் யாரிடமோ கையெழுத்துப் போட்டிருப்பார்.
சிரிப்பு அடங்க நேரமானது.
மகள் பல் துலக்கியபடி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு சமையல் மேசையைத் துடைத்து
ஒரு பைன் கட்டையை வைத்தேன்.
மூலைமட்டம், கோடு.
பெருக்கல் குறி எந்தப் பக்கம் என்று
ஒரு நொடி தெரியவில்லை.