பத்தொன்பதாம் மாடி

வாடகைக் கணக்கு என் பொறுப்பு.
கால்கரியின் நடுவே ஒரு கண்ணாடிக் கோபுரத்தில்
எங்கள் கம்பெனிக்கு மூன்று தளங்கள்,
பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.
எண்ணெய் விலை உச்சியில் இருந்தபோது
பத்தாண்டுக்கு எழுதிய ஒப்பந்தம்.
கையெழுத்துப் போட்டவர் இப்போது
வான்கூவர் தீவில் படகு ஓட்டுகிறார்.

சதுர அடிக்கு முப்பத்தொரு டாலர்.
அதன்மேல் பத்தொன்பது: வெப்பம், விளக்கு, லிஃப்ட்,
கூரைப் பனி வழிப்பதில் எங்கள் பங்கு.
பொறியாளர்கள் வீட்டிலிருந்தே வரைகிறார்கள்.
குழாய்கள் சரியாகத்தான் பொருந்துகின்றன.
யானையைக் கட்டித் தீனி போடுகிறோம்,
ஏறி உட்காரத்தான் ஆளில்லை.

நிதித் தலைவி கோரின் திபோடோ
தன் வீட்டுச் சமையல் மேடையிலிருந்து
திரையில் தோன்றிக் கேட்டாள்:
"ஒரு நாளைக்கு எத்தனை பேர்?"
கதவு அட்டைப் பதிவை எடுத்தேன்.
செவ்வாய் இருபத்திரண்டு.
புதன் பதினான்கு.
வெள்ளி ஒன்று.
அந்த ஒன்று எல்லா நாளும் இருந்தது.
காலை ஏழு பத்து, பத்தொன்பதாம் மாடி,
வெண்டல் புரோகோப்சுக்.

ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன்.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
கட்டடங்களைக் கோக்கும் கண்ணாடிப் பாலத்தில்
சூப் கடை பாதி ஷட்டர் இறக்கியிருந்தது.
மேலே, நான் நடக்க நடக்க
எனக்கு முன்னால் விளக்குகள் எரிந்தன.
திரும்பிப் பார்த்தபோது வந்த வழி இருட்டு.
யாரோ ஒருத்தியின் பிறந்தநாள் பலூன்,
நாலு வருடத்துச் சுருக்கத்தோடு
மேசைக்கடியில்.

ஜன்னலோரம் அவர்.
பூட்ஸைக் கழற்றி ஹீட்டர்மேல் காயவைத்திருந்தார்.
"மனைவிக்கு ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட்.
பகலில்தான் தூங்குவாள்.
நான் போனில் கத்துகிற ஆள்" என்றார்.
அவ்வளவுதான் காரணம்.
பதினைந்தாயிரம் சதுர அடி.
என் புத்தி சும்மா இருக்கவில்லை, வகுத்துப் பார்த்தது:
அவள் தூக்கம்
மாதம் அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு டாலர்.
அந்த எண்ணை நான் அறிக்கையில் எழுதவில்லை.

ஒப்பந்தம் முடிய, இரண்டு தளங்களை விட்டோம்.
தொள்ளாயிரத்துக்கு வாங்கிய நாற்காலி
பதினைந்துக்குப் போயிற்று;
ஒரு தேவாலயக் கூடத்துக்காரர்
லாரி கொண்டுவந்து நாற்பதை அள்ளிப்போனார்.
பிறகுதான் முப்பத்துநான்காம் ஷரத்தைப் படித்தோம்:
இடத்தை வாங்கியபோது இருந்தபடியே ஒப்படைக்க வேண்டும்.
கம்பளம் உரி, கேபிள் பிடுங்கு,
நாம் எழுப்பிய சுவர்களை இடி.
வெறும் தளத்தை மறுபடி வெறும் தளமாக்க
நாலு லட்சத்துப் பத்தாயிரம் டாலர் மதிப்பீடு.
கோரின் நீண்ட நேரம் மைக்கை அணைத்திருந்தாள்.
அவள் உதடுகள் மட்டும் அசைந்தன.

அதையும் கழித்து மிச்சம் வந்தது.
"சேமிப்பு" என்ற தலைப்பின் கீழ்
ஏழு இலக்கத்தில் தடித்த எழுத்து.
இயக்குநர் குழு கைதட்டியது,
அவரவர் வீட்டிலிருந்து, கொஞ்சம் முன்பின்னாக.
அன்று மாலை என் வீட்டு எரிவாயு பில் வந்தது.
நாற்பத்திரண்டு டாலர் கூடுதல்.
எங்கள் முந்நூறு பேர் வீட்டிலும் வந்திருக்கும்.
அதற்கு என் அட்டவணையில் பத்தி இல்லை.
போடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

சாவிகளை ஒப்படைத்த திங்கள்கிழமை
பழக்கத்தில் பதிவைத் திறந்தேன்.

புரோகோப்சுக், வெ.
ஏழு பத்து. பத்தொன்பது. அனுமதி மறுப்பு.
ஏழு பதினொன்று. பத்தொன்பது. அனுமதி மறுப்பு.
ஏழு பதினாறு. பதினேழு.

படியில் இறங்கியிருக்க வேண்டும்.