நியாயமான பாவனை

புதுக்கடையில் என் அறைக்கு
மூன்று மணி வெயிலோடு வந்தான் ஷிப்லி.
பம்பலப்பிட்டியில், மூன்றாம் மாடியில்,
போன் கவருக்கும் சார்ஜருக்கும் நடுவே
ஒன்றரை ஆள் நிற்கக்கூடிய கடை அவனுடையது.
மேசையில் வைத்தான்:
சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி,
பக்கத்தில்
யப்பானியக் கம்பனி ஒன்றுக்காகக்
கொள்ளுப்பிட்டிச் சட்டத்தரணி அனுப்பிய கடிதம்.

"ஆறாயிரத்து இருநூறு கேம், மெடம்.
எல்லாம் செத்துப்போன மெஷின்களுடையது.
கம்பனியே கைவிட்டது.
நான் யாருடைய வீட்டில் புகுந்தேன்?"

மீனை வெட்டிக் கூறுபோடுகிறவள் மாதிரிச் சொன்னேன்.
ஒரு மெஷின் இன்னொரு மெஷினைப் போல நடிப்பது
அநேகமாகக் குற்றமில்லை,
அந்த நடிப்பை எவனோ கண்விழித்துத்
தன் கையால் எழுதியிருந்தால்.
உள்ளே ஓடுகிறதே, அது வேறு.
சொந்தக் கசட், சொந்த வீடு, ஒரேயொரு பிரதி:
வாதாடிப் பார்க்கலாம்.
ஆறாயிரத்து இருநூறை
நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு
வாதாட முடியாது, தம்பி.

"எவ்வளவு காலத்துக்கு மெடம்?"

எழுதியவர் கண்மூடியபின்னும் எழுபது ஆண்டு.
சிப்புக்கோ முப்பதிலேயே மறதி தொடங்கிவிடும்.
காணியைக் கடல் கொண்டுபோன பிறகும்
உறுதி மட்டும் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறதே,
அப்படி.

அவன் சிரித்தான்.
"அசல் இங்கே எந்தக் கடையில் வித்தது?"

எனக்கும் தெரியவில்லை.
கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாங்கிய மஞ்சள் கசட்டில்
9999 என்று போட்டிருந்தது.
உள்ளே இருந்தது ஐந்து.
மிச்சமெல்லாம் அதே ஐந்துதான்,
பெயரை மாற்றிக்கொண்டு.
மெஷினும் நகல், கசட்டும் நகல்,
அட்டையில் சிரித்த பையன்கூட
ஏதோ பற்பசைப் பெட்டியிலிருந்து வந்தவன்.
ஆனாலும் தோற்றால் அழுதோம்.
அது அசல்.

பதில் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
'நியாயமான பாவனை' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.
எங்கள் ஊரில் பாவனை என்றால் உபயோகம்.
பாவனை என்றால் பாசாங்கும்தான்.
சட்டம் முதலாவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு போகிறது.

பத்தொன்பது வயது.
வெள்ளவத்தையில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள்.
பொட்டு கைப்பைக்குள்.
வாயில் சிங்களம்.
பள்ளிக்கூடச் சிங்களம் இல்லை,
அத்தனை சுத்தமாகப் பேசினால் பிடிபட்டுவிடுவாய்.
நூறாம் நம்பர் பஸ் கொண்டக்டர்களிடம் பொறுக்கியது:
சொல்லின் வாலை விழுங்குவது,
கேள்வியை மூக்கால் முடிப்பது,
வெயிலைச் சலித்துக்கொள்ளும் ஓர் 'அனே'.
சிப்பாய் அடையாள அட்டை கேட்கவில்லை.
போ என்று தலையசைத்தான்.
உள்ளே நான்
பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன்,
தமிழில்.

எந்தப் பிரிவின் கீழ் வரும் அது?

ஷிப்லி பெட்டியைத் தட்டி எழுப்பினான்.
இரண்டு அங்குலத் திரையில் ஒரு குட்டி மனிதன் ஓடினான்.
"இங்க பாருங்க மெடம்.
எதிரிகள் கூடினால் பழைய மெஷின் திக்கும்.
இதுவும் திக்குது, பார்த்தீங்களா?
இதுக்குச் சக்தி இல்லாமல் இல்லை.
அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதியிருக்கிறான்கள்.
இல்லாட்டி கேம் நம்பாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பாதிக் கட்டணம் வாங்கினேன்.
கடையில் மீதியுள்ள பெட்டிகளை
இப்போதைக்கு விற்காதே என்றேன்.
தலையாட்டினான்,
விற்பான் என்று இருவருக்கும் தெரியும்.
மேசையில் இருந்ததை உறையிலிட்டு,
திகதி எழுதி, அலுமாரியில் பூட்டினேன்.

ஏழு மணிக்கு விளக்கை அணைத்தபோது
அலுமாரிக்குள்ளிருந்து ஒரு சின்ன இசை.
நிறுத்த மறந்திருக்கிறேன்.
யாராவது 'தொடங்கு' என்பதை அழுத்தட்டும் என்று
முதல் நான்கு சுரத்துக்கே
திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது,
உறைக்குள், இருட்டில்,
கொஞ்சம் திக்கி.