கோப்பு நாற்பத்தொன்று

ஓஹாயோவில் பனி உருகும் மார்ச்.
வென்டல் ப்ரூயிட் அளவுநாடாவை இழுக்கிறார்,
புனித பிரிஜித் மருத்துவமனைச் சுவரோரம்.

சிற்றாலயம்: வரி இல்லை.
அவசரப் பிரிவு: இல்லை.
மணிக்கு நான்கு டாலர் கறக்கும்
ஐந்தடுக்கு வண்டி நிறுத்தம்?
பென்சில் நிற்கிறது.

எதிர்வீட்டு லொரெட்டா ஹாஸ்
ஒழுகும் கூரைக்கும் தவறாமல் வரி கட்டுகிறாள்.
போன வருடம், பித்தப்பைக் கல்லுக்காக,
அவள்மேல் வழக்குப் போட்டதும் இவர்கள்தான்.
ஊரில் மிச்சம் ஒரே தீயணைப்பு வண்டி;
அதுவும் முக்கால்வாசி நாள் இந்த வாசலில்.

ஆனாலும் அந்த சிஸ்டர் க்ளோடில்ட்...
பெயர் சொல்லாமல் வந்து விழுந்தவனைப்
பதினோரு நாள் வைத்துப் பிழைக்கவைத்து
பில்லைக் கிழித்தவள்.
வென்டலின் தம்பி அவன்.

அவள் இருந்த அறையையும் அளக்கிறார்:
பத்துக்குப் பன்னிரண்டு.
கதவில் புதுப் பலகை,
வசூல் பிரிவு.