ஒன்று தசம் எட்டு

கிளிநொச்சி, டிப்போச் சந்திக்குக் கிட்ட
டயர்க்கடையின் மேல்மாடி.
மேசையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை,
அதன் வாயில் ஒரு மெமரி கார்ட்.
வான்கதவடியில் நீர்மட்டம் குறித்துவைக்கப்போகிற பெட்டிக்கு
ட்ரைவர் எழுதுகிறேன்.
மூன்று நாளாய் அட்டை என்னோடு கோபம்.

முதலில் மூன்று தசம் மூன்று வோல்ட்டில் கதைக்க வேண்டும்,
சந்தையில் கதைக்கிற மாதிரி.
பிறகு பதினோராவது கட்டளை:
இறங்கிக் கதைப்பமா?
ஓம் என்றால் அட்டை
தன் நாலு கம்பியையும் தாழ்த்தும்.
நான் கடிகாரத்தை நிறுத்தி
அழுத்தத்தை ஒன்று தசம் எட்டுக்கு இறக்குவேன்.
ஐந்து மில்லிசெக்கன்
ஒருவரும் மூச்சுக் காட்டக்கூடாது.
திரும்பக் கடிகாரம் ஓட, கம்பிகள் உயரும்.
அதற்குப் பிறகு மெல்லவும் பேசலாம், கெதியாகவும் பேசலாம்.
மெல்லப் பேசுவதால்தான் கெதி என்பதை
வாகீசனுக்கு விளங்கப்படுத்த
ஒரு கோப்பை தேத்தண்ணி முடிந்தது.

கம்பி உயரவில்லை.
சய நூற்றுப்பத்து என்றது திரை. நேரம் முடிந்துவிட்டதாம்.

ஸ்கோப்பைக் கொழுவிப் பார்த்தேன்.
அழுத்தம் படியிறங்கவில்லை,
வைகாசிக் குளம் வற்றுகிற மாதிரி வழிந்து வழிந்து
எட்டாவது மில்லிசெக்கனில்தான் அடியைத் தொட்டது.
மலிவென்று வாகீசன் வாங்கின பெரிய கொண்டென்சர்.
ஐந்தைப் பத்தாக்கினேன்.
பக்கத்தில் குறிப்பும் எழுதினேன்:
புத்தகத்தில் ஐந்து. இந்தப் பலகைக்குக் காணாது. குறைக்காதே.
நாலு கம்பியும் எழும்பின.
அவன் வடை வாங்கப் போனான்.

வடை வருமுன் சும்மா ஒருக்கா
மீளத் தொடக்கினேன்.
சய நூற்றுப்பத்து.

நான் எல்லாம் மறந்து
மூன்று தசம் மூன்றில் புதிதாய்க் கூப்பிடுகிறேன்.
அட்டை மறக்கவில்லை.
அது இன்னும் கீழேதான் நிற்கிறது.
இறங்கு என்பதற்குக் கட்டளை உண்டு,
ஏறு என்பதற்கு இல்லை.

கீழ்க்கடை ஜெசிந்தா அக்கா
டயர் விலையைக்கூட இரகசியம்போலத்தான் சொல்லுவா.
கொஞ்சம் சத்தமாய்ச் சொல்லுங்கோ என்றால்
இன்னும் குறையும்.

நாலேகாலுக்கு ஊர் முழுக்கக் கரண்ட் போனது.
விசிறி ஓய்ந்தது. கீழே காற்றடிக்கிற மெஷின் ஓய்ந்தது.
இரணைமடுப் பக்கம் இடி.
அரை இருட்டில் வடை தின்றோம்.
ஐம்பது நிமிடம்.
கரண்ட் வந்ததும் பலகை தானாய் எழும்பி
அட்டையைக் கூப்பிட்டது,
முதற் கூப்பிட்டுக்கே ஓம்.

வாகீசன் கைதட்டினான்.
நான் தட்டவில்லை.
வான்கதவடியில் பெட்டிக்கு பேட்டரி, அங்கே கரண்ட் போகாது.
நடுச்சாமம், மாரி மழை,
ட்ரைவர் தடக்கி விழுந்து திரும்ப எழும்பும்போது
அட்டைக்கு யார் இருட்டுக் கொடுப்பது?

பலகையைப் புரட்டினேன்.
அட்டைக்குப் போகிற செப்புத் தடத்தைப் பிளேட்டால் அறுத்து
இடையில் ஒரு டிரான்சிஸ்டர், குறுணி அளவு.
கூப்பிட முதல் முழுதாய் அணை. பொறு. பிறகு மூட்டு.
பொறுக்கிற நேரம் புத்தகத்தில் ஒரு மில்லிசெக்கன்.
இருநூறு போட்டேன்.
ஏன் இருநூறு, என்றான்.
கொண்டென்சர் வாங்கினது நீ, என்றேன்.

அறுபத்துமூன்றாம் தரம் மீளத் தொடக்கும்போது
ஏழு மணி.
கீழே இரும்புக் கதவு இழுபடுகிற சத்தம்.
ஜெசிந்தா அக்கா படியடியில் நின்று
ஏதோ சொல்லுறா.
விசிறியை நிற்பாட்டிவிட்டுக் கேட்டேன்.
வாசல் திறப்பு
கீழே மேசையில் இருக்காம்.